பத்து மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைத்துக் காற்றின் ஈரத்தை எடைபோடுவது எப்படி

மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியைத் திறந்தால் உள்ளே நசநசவென்று இருக்கும். அந்த ஜாடியை எடைபோட்டால் கோடையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும்; கூடினது முழுக்கக் காற்றிலிருந்து வந்த தண்ணீர். எடையை வைத்து ஈரப்பதம் சொல்லும் சென்சாரின் சங்கதி மொத்தமும் இவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் குசா நிக்கோலஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்: தராசின் ஒரு தட்டில் கம்பளி, மறு தட்டில் கற்கள், காற்று ஈரமானால் கம்பளித் தட்டு கீழே இறங்கும். நாமும் அந்தத் தராசையேதான் செய்யப்போகிறோம். கம்பளிக்குப் பதிலாக ஓரிரு மைக்ரோகிராம் பாலிமர், தராசுக்குப் பதிலாக எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறையின் ஈரப்பதம் தெரிந்தால் போதும் என்றால் இதில் இறங்காதீர்கள். மலிவான மின்தேக்கி வகை சென்சார் ஒன்றை வாங்கி மாட்டுங்கள், அரை மணியில் வேலை முடிந்துவிடும். எடை வகை சென்சாருக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது: மிகமிகக் குறைந்த ஈரத்தைப் பிடிக்க வேண்டும், அல்லது ஒரு புதிய பொருள் எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு தண்ணீரை இழுக்கிறது என்று நேரடியாகப் பார்க்க வேண்டும், அப்போதுதான் இது. இயற்கை எரிவாயுக் குழாய்களில் இதை வைக்கிறார்கள், ஏனென்றால் வாயுவில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே குளிரில் மீத்தேனோடு சேர்ந்து பனிக்கட்டி மாதிரி ஹைட்ரேட் கட்டிக் குழாயை அடைத்துவிடும். கல்லூரி ப்ராஜெக்டுக்கும் நல்ல விஷயம், ஏனென்றால் இதில் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எப்படி எடைபோடுகிறது

குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் வரும், மின்சாரம் கொடுத்தால் அது நெளியும். இந்த அழுத்தமின் விளைவை 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். நம் கிரிஸ்டலின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய குவார்ட்ஸ் வில்லை. இரண்டு பக்கமும் வட்டமாக வெள்ளி எலக்ட்ரோடு. மாறுமின்னழுத்தம் கொடுத்தால் மேல்முகம் ஒரு பக்கமும் கீழ்முகம் எதிர்ப்பக்கமுமாக வழுக்குவது போல ஆடும், இரண்டு உள்ளங்கைகளை ஒட்டி வைத்துத் தேய்க்கிறோமே, அந்த மாதிரி. 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் தடிமன் சுமார் 0.17 மில்லிமீட்டர். தடிமன் கூடினால் அதிர்வெண் குறையும். இப்போது அதன் முகத்தில் மெல்லிதாக எதையாவது ஒட்டினால், குவார்ட்ஸே கொஞ்சம் தடித்துவிட்டது போல அதிர்வெண் இறங்கும்.

எவ்வளவு இறங்கும் என்ற கணக்கை 1959இல் ஜெர்மன் இயற்பியலாளர் குந்தர் சவர்ப்ரே கொடுத்தார். இறக்கம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறிய எடைக்கு நேர் விகிதம், அடிப்படை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் நேர் விகிதம். குவார்ட்ஸின் அடர்த்தியையும் விறைப்பையும் போட்டுப் பார்த்தால் 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு மைக்ரோகிராம் ஏறினால் 226 ஹெர்ட்ஸ் இறங்கும். அதாவது ஒரு ஹெர்ட்ஸுக்கு 4.4 நானோகிராம். 5 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 17.7 நானோகிராம், நாலில் ஒரு பங்கு நுணுக்கம்தான். 'அப்படியென்றால் 50 மெகாஹெர்ட்ஸ் எடுக்கலாமே' என்று தோன்றும். அடிப்படை அதிர்விலேயே அவ்வளவு வேகமாக ஆட வேண்டுமானால் வில்லை 0.03 மில்லிமீட்டர்தான் இருக்கும், கையில் எடுக்கும் முன்பே நொறுங்கிவிடும். 10 நமக்குச் சரி.

இந்த நுணுக்கம் எந்த அளவுக்கு என்றால், தண்ணீர் மூலக்கூறுகள் ஒரே ஓர் அடுக்காகப் படிந்தால் சதுர செ.மீ.க்குச் சுமார் 30 நானோகிராம் வரும், அதுவே ஒரு முகத்துக்கு ஏறக்குறைய 7 ஹெர்ட்ஸ். பூச்சே இல்லாத வெறும் கிரிஸ்டல்கூட மழை நாளில் பத்து இருபது ஹெர்ட்ஸ் நகரும் என்பதற்கு இதுதான் காரணம். ஆனால் அது ஈரப்பதம் அளக்கப் போதாது. தண்ணீரை உள்ளே இழுக்கும் ஒரு பூச்சு வேண்டும். இப்படிப் பூச்சு பூசின கிரிஸ்டலை வாயுக்களையும் ஈரத்தையும் உணர 1964இல் பயன்படுத்திக் காட்டியவர் வில்லியம் கிங் என்ற அமெரிக்க வேதியியலாளர்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். தராசுக்குத் தண்ணீர் எது, தூசி எது, விரல் எண்ணெய் எது என்று தெரியாது. ஏறுகிறதையெல்லாம் எடைபோடும். கீழே நான் சொல்லும் முன்னெச்சரிக்கைகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஒரே பெட்டியிலிருந்து, ஒரே தயாரிப்பில் வந்த 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஐந்தாறு. உயரமான உலோக மூடி போட்ட எச்சி-49 யு வகையாகக் கேளுங்கள். குட்டையான மூடி போட்ட வகையின் உள்ளே வட்ட வில்லை இருக்காது, சின்னப் பட்டைதான் இருக்கும், பூச இடமே கிடையாது. கடையில் 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்பார்கள், எனக்கும் சொன்னார்கள், நானும் பத்து வாங்கி வந்தேன், ஒன்றும் உபயோகப்படவில்லை. அப்புறம் 74 எச்சியு 04 இன்வெர்ட்டர் சிப் (வீட்டு இன்வெர்ட்டர் இல்லை, வரும் சிக்னலைத் தலைகீழாக்கித் தரும் சிப்) இரண்டு, 74 எச்சி 74 ஃப்ளிப்-ஃப்ளாப் ஒன்று, சில ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஓர் ஆர்டுயினோ போர்டு. பூச்சுக்குப் பாலிவினைல் ஆல்கஹால் பொடி. வெள்ளைப் பசை வேண்டாம். அது பாலிவினைல் அசிட்டேட், பெயர் கிட்டத்தட்ட அதுவாக இருந்தாலும் பொருள் வேறு, இந்த அளவுக்குத் தண்ணீரை இழுக்காது.

மூடியைத் திறப்பது

இங்கேதான் அதிகம் உடையும். மூடி அடித்தட்டோடு சேரும் இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கும். மெல்லிய அரத்தால் அந்த விளிம்பைச் சுற்றிச் சுற்றி ராவுங்கள். கட்டிங் பிளேயரால் மூடியை நசுக்கிக் கழற்றப் பார்த்தால் வில்லை போய்விடும். ராவும்போது கால்கள் மேலே, மூடி கீழே பார்த்து இருக்கட்டும், முடிந்ததும் மூடி தானாகக் கழன்று வரும். ராவிய தூளை ஊதித் தள்ளாதீர்கள், வாயிலிருந்து போகும் எச்சில் துளியையும் அது எடைபோடும். ரப்பர் பல்பால் காற்றடியுங்கள். வில்லையை விரலால் தொட்டீர்களென்றால் அடுத்த கிரிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள், கழுவிப் பார்க்கலாம் என்று மல்லுக்கட்டி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியிருக்கிறேன்.

ஒன்றைத் திறக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மறு தட்டில் இருக்கும் கல்.

சர்க்யூட்

ஒவ்வொரு கிரிஸ்டலுக்கும் தனித்தனி ஆசிலேட்டர், அதாவது கிரிஸ்டலை விடாமல் ஆட வைக்கும் சர்க்யூட். 74 எச்சியு 04இன் ஓர் இன்வெர்ட்டர், அதன் உள்ளீட்டுக் காலிலிருந்து வெளியீட்டுக் காலுக்கு ஒரு மெகாஓம் ரெசிஸ்டர், வெளியீட்டுக் காலிலிருந்து கிரிஸ்டலுக்கு ஒரு கிலோஓம், கிரிஸ்டலின் இரு கால்களிலிருந்தும் தரைக்கு 22 பிக்கோஃபாரட். அடுத்த இன்வெர்ட்டரை வழியில் வைத்து சிக்னலை வெளியே எடுங்கள், நேராகக் கிரிஸ்டலிலிருந்து எடுத்தால் வயரின் நீளமே அதிர்வெண்ணை மாற்றும். சிப் பெயரில் அந்த 'யு' இருக்க வேண்டும். சாதாரண 74 எச்சி 04 இந்த வேலைக்கு அடம்பிடிக்கும்.

இப்போது 10 மெகாஹெர்ட்ஸை நேராக ஆர்டுயினோவில் எண்ணலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டு காரணம். ஒன்று, 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஊனோ வகை ஆர்டுயினோ போர்டு வெளியிலிருந்து வரும் துடிப்பைச் சுமார் 6 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காக எண்ணும். இரண்டாவதுதான் முக்கியம். அந்த போர்டின் சொந்தக் கடிகாரம் பெரும்பாலும் செராமிக் ரெசனேட்டர். அது 0.1 சதவீதம் தப்பினாலே 10 மெகாஹெர்ட்ஸில் 10,000 ஹெர்ட்ஸ் பிழை, நாம் தேடுவதோ இருநூறு முந்நூறு ஹெர்ட்ஸ்.

அதனால் கழித்துவிட்டு எண்ணுங்கள். 74 எச்சி 74இன் டேட்டா காலில் பூச்சுக் கிரிஸ்டலின் சிக்னல், கிளாக் காலில் மூடிய கிரிஸ்டலின் சிக்னல். வெளியே வருவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சில ஆயிரம் ஹெர்ட்ஸ். இப்போது அதே 0.1 சதவீதப் பிழை 2,500 ஹெர்ட்ஸில் இரண்டரை ஹெர்ட்ஸ்தான். இன்னொரு லாபமும் உண்டு: வெப்பநிலை மாறினால் இரண்டு கிரிஸ்டலும் ஏறக்குறைய ஒரே பக்கம் நகரும், கழித்தால் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். முழுக்கப் போகாது, ஏனென்றால் இரண்டு வில்லையையும் குவார்ட்ஸிலிருந்து வெட்டின கோணம் அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருக்காது. ஒரே பெட்டியில் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு நொடி எண்ணினால் ஒரு ஹெர்ட்ஸ் நுணுக்கம், பத்து நொடி எண்ணினால் 0.1 ஹெர்ட்ஸ்.

இரண்டு ஆசிலேட்டரையும் ஒரே சிப்பில் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். அருகருகே ஓடும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்ளும், வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டும், நீங்கள் ஃப்ளிப்-ஃப்ளாப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள். தனிச் சிப், ஒவ்வொன்றின் பவர் காலுக்கும் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி.

பூச்சு

எல்லாரும் தடியாகத்தான் பூசுகிறார்கள். தடியாக இருந்தால் நிறைய ஈரம் இழுக்கும், நிறைய ஹெர்ட்ஸ் கிடைக்கும் என்ற ஆசை. நானும் முதலில் ஒரு சொட்டு தாராளமாக வைத்தேன், காய்ந்ததும் ஆசிலேட்டர் நன்றாக ஓடியது, ஈரமான பாட்டிலுக்குள் இறக்கியதும் நின்றேவிட்டது. நடந்தது என்னவென்றால், பாலிமர் தண்ணீர் குடித்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. சவர்ப்ரேயின் கணக்கு, ஒட்டின பொருள் குவார்ட்ஸோடு சேர்ந்து விறைப்பாக ஆடுகிற வரைக்கும்தான் செல்லும். ஜெல்லி மாதிரி ஆனால் அது ஆட்டத்தை உறிஞ்சும், அதிர்வெண் எடைக்குச் சம்பந்தமில்லாமல் போகும், ஒரு கட்டத்தில் துடிப்பே நிற்கும்.

எனவே கணக்குப் போட்டுப் பூசுங்கள். பாலிவினைல் ஆல்கஹால் பொடியை முதலில் குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் தூவி, அப்புறம் 90 டிகிரி வரை சூடாக்கிக் கிளறினால் கட்டியில்லாமல் கரையும். நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், ரவை உப்புமா மாதிரி. கரைசல் 0.2 சதவீதம் போதும், அதாவது 100 மி.லி.க்கு 0.2 கிராம். அதில் ஒரு மைக்ரோலிட்டர் சொட்டில் 2 மைக்ரோகிராம் பாலிமர் இருக்கும். எலக்ட்ரோடு 5 மில்லிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு சுமார் 0.2 சதுர செ.மீ., ஆக சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோகிராம், சுமார் 2,300 ஹெர்ட்ஸ் இறக்கம். இந்தப் பூச்சு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் குடித்தால் இன்னொரு 226 ஹெர்ட்ஸ் இறங்கும். போதுமான சிக்னல்.

சொட்டை ஒரே பக்கத்தில், நடு வட்டத்தில் மட்டும் வையுங்கள். நடுவில்தான் ஆட்டம் அதிகம், விளிம்புக்குப் போகப்போகக் குறையும், அதனால் ஓரத்தில் பூசினது எடையில் சரியாகச் சேராது, வழிந்தால் கால்களுக்கிடையே மின்கசிவுதான் மிச்சம். மைக்ரோபிப்பெட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இன்சுலின் சிரிஞ்சில் ஊசி முனையிலிருந்து வரும் மிகச் சிறிய சொட்டு. எவ்வளவு விழுந்தது என்று கவலைப்பட வேண்டாம், காய்ந்த பிறகு அதிர்வெண் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் பூச்சின் எடை தெரிந்துவிடும், தராசு கையிலேயே இருக்கிறதே. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் திருப்தி. ஆயிரத்துக்கும் குறைவாக இறங்கினால் இன்னொரு சொட்டு வையுங்கள். சின்ன எடை போதாது என்பதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எந்தக் கிரிஸ்டல் மேலே, எது கீழே என்றே தெரியாது, ஏற்றத்தை இறக்கம் என்று படிப்பீர்கள். பூச்சுக் கிரிஸ்டல் எப்போதும் நன்றாகக் கீழே இருக்கட்டும், அப்போது ஈரம் கூடினால் வித்தியாசமும் கூடும்.

தூசி படாமல் மூடி ஒரு நாள் உலரவிடுங்கள்.

அளவு குறிப்பது

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், உப்பு போதும். ஒரு தெவிட்டிய (இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பு போட்ட) உப்புக் கரைசலை மூடின பாட்டிலில் வைத்தால் மேலே இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது, அந்த உப்புக்கே உரிய ஓர் எண்ணில் நிற்கும். 1977இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் கிரீன்ஸ்பான் தொகுத்த பட்டியலைத்தான் இன்றும் எல்லாரும் எடுக்கிறார்கள். 25 டிகிரி செல்சியஸில்: லித்தியம் குளோரைடு 11.3, மெக்னீசியம் குளோரைடு 32.8, மெக்னீசியம் நைட்ரேட் 52.9, சோடியம் குளோரைடு 75.3, பொட்டாசியம் குளோரைடு 84.3, பொட்டாசியம் சல்பேட் 97.3 சதவீதம்.

நாலு போதும்: 11, 33, 53, 75. சமையலறைக் கல் உப்பை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் அது நசநசக்க முக்கியக் காரணமே அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு, அது 75 என்ற எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஆய்வகத் தர சோடியம் குளோரைடு சின்ன டப்பா வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். கரைசல் என்றால் தெளிந்த தண்ணீர் இல்லை, சேறு மாதிரி இருக்க வேண்டும், கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாட்டில் சின்னதாக, மூடியில் வயர் போகும் துளை மெழுகால் அடைத்ததாக, கிரிஸ்டல் சேற்றுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தொங்குவதாக இருக்கட்டும். மூடிய கிரிஸ்டலும் பக்கத்திலேயே தொங்கினால் இன்னும் நல்லது, வெப்பநிலை ஒன்றாக இருக்கும்.

வெப்பநிலையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 30 டிகிரியில் 60 சதவீதம் இருக்கும் காற்றை அதே நீராவியோடு 31 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 56.7க்கு வந்துவிடும். ஒரு டிகிரிக்கு மூன்று புள்ளிக்கும் மேல்! கிரிஸ்டல் சர்க்யூட்டின் சூட்டில் இருந்தால் அது அளப்பது அறையின் ஈரப்பதமே இல்லை. சர்க்யூட்டுக்கு மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டரைத் தள்ளி வையுங்கள், பாட்டில்களை ஒரு தெர்மகோல் பெட்டிக்குள் வையுங்கள், ஜன்னல் வெயில் வேண்டாம்.

ஒவ்வொரு பாட்டிலிலும் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம். மெல்லிய பூச்சு நொடிகளில் சமநிலைக்கு வந்துவிடும், பாட்டிலில் இருக்கும் காற்றுதான் மெதுவாக வரும். முதலில் 11லிருந்து 75 வரை ஏறுங்கள், பிறகு அதே வழியில் இறங்குங்கள். இறங்கும்போது 53இல் வரும் எண், ஏறும்போது வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். குடித்த தண்ணீரைப் பாலிமர் உடனே விட மனமில்லாமல் பிடித்துவைக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் சென்சாரின் உண்மையான பிழை, இதைச் சொல்லாமல் ஏறுமுக எண்ணை மட்டும் போட்டுப் பளபளவென்று வரைபடம் காட்டும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை நான் நம்புவதில்லை. கோடு நேராகவும் வராது, மேலே போகப்போக வளையும். நாலு புள்ளிகளையும் இணைத்து இடைப்பட்டதைக் கணக்கிட்டால் வீட்டு வேலைக்குப் போதும். இந்தப் பூச்சோடு 85க்கு மேலே நம்பாதீர்கள்.

நாள்பட நாள்பட

ஒரு மாதம் கழித்து எல்லா எண்களும் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கும். தூசி ஒரு காரணம். இன்னொன்று எனக்கு வெகு நாள் புரியாமல் இருந்தது, கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் வெள்ளி எலக்ட்ரோடு பழுப்பேறியிருந்தது தெரிந்தது. கொலுசு கறுப்பதும் இதேதான்: காற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்கிறது, சேர்ந்ததற்கு எடை உண்டு, தராசு அதையும் ஈரம் என்று சொல்கிறது. அதனால்தான் படலத் தடிமன் அளக்கும் வெற்றிடக் கருவிகளில் தங்க எலக்ட்ரோடு போட்ட கிரிஸ்டலைப் போடுவது வழக்கம். அப்படிப்பட்டவை கிடைத்தால் விடாதீர்கள்.

எரிவாயு நிலையங்களில் இந்த நகர்வைச் சமாளிக்கும் வழி அழகானது. அளக்க வேண்டிய வாயுவையும், நன்றாக உலர்த்தின வாயுவையும் மாறி மாறி கிரிஸ்டல் மேல் விடுகிறார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறார்கள். அழுக்கு இரண்டு தடவையும் அதே எடைதான், கழித்தால் போய்விடும். வீட்டில் இதையே சிக்கனமாகச் செய்யலாம்: அடியில் சிலிக்கா ஜெல் போட்ட ஒரு சின்னப் பாட்டில், வாரம் ஒருமுறை சென்சாரை அதற்குள் ஒரு மணி நேரம் வைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் போன வாரத்தைவிட எத்தனை ஹெர்ட்ஸ் நகர்ந்ததோ அதைப் பழைய அட்டவணையில் எல்லா இடத்திலும் கூட்டிக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறியிருந்தால் முதலில் அதை வறுத்து உலர்த்துங்கள்.

இதே வேலையைச் செய்யும் வேறு இரண்டு வகைகளும் உண்டு. பரப்பு ஒலியலை வகையில் அதிர்வு முழு வில்லையிலும் ஓடாமல் மேற்பரப்பில் மட்டும் ஓடும், நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம், பேட்டரி இல்லாமலே ரேடியோ அலையால் தூரத்திலிருந்து படிக்கும்படி செய்யலாம். ஆனால் பூச்சின் மின்கடத்தும் தன்மை மாறினாலும் அதன் எண் மாறும், ஆக வெறும் தராசு என்று சொல்ல முடியாது. இன்னொன்று சிலிக்கானில் செதுக்கின நுண் நாக்கு, நீச்சல் குளத்துப் பலகை மாதிரி, ஈரம் ஏறினால் மெதுவாக ஆடும். இரண்டையும் வீட்டு மேஜையில் செய்ய முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

பூச்சு கெட்டுவிட்டது, எண் தாறுமாறாகத் தாவுகிறது என்றால் கிரிஸ்டலைத் தூக்கிப்போட வேண்டாம். சூடான காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிஷம் தொங்கவிட்டால் பாலிவினைல் ஆல்கஹால் பெரும்பாலும் கரைந்து போகும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை முக்கி எடுத்து உலரவிடுங்கள். பூசுவதற்கு முன்பு இருந்த அதிர்வெண்ணைக் குறித்து வைத்திருந்தால், அது திரும்பி வந்ததா என்று பாருங்கள். சில பத்து ஹெர்ட்ஸுக்குள் வந்திருந்தால் அடுத்த சொட்டு வைக்கலாம். நூற்றுக்கணக்கில் தள்ளி நின்றால் இன்னொரு தடவை கழுவுங்கள்.